காயவிட்ட தடம்

தெருக்காரர்களே, தெருவை விட்டுப் போய்ச் சென்னையிலும் திருப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் மட்டும் தெருவுக்கு வந்துபோகிற என் வயசுக்காரர்களே,

நம் தெரு முனையில் கேமரா வைக்கப் போகிறார்கள் என்று குரூப்பில் பார்த்தேன். நல்லது. தொடங்கி வைக்க இன்ஸ்பெக்டர் வருகிறாராம். அன்றைக்கு என் அப்பாவின் படத்துக்கு மாலை போடப் போகிறீர்களாம். ‘கேமரா இல்லாத காலத்திலேயே தெருவைக் களவில்லாமல் காத்தவர்’ என்று படத்துக்கடியில் எழுதுவதாக முடிவாகியிருக்கிறது. அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று என்னைக் கேட்டீர்கள். நானும் சரி என்றுவிட்டேன்.

அதற்குள் பைபாஸ் பக்கம் ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் நம் தெருவிலேயே ஒரு பைக் காணாமல் போனது. அன்று சாயங்காலம் குரூப்பில் ஒரு பையனின் படம் வந்தது. வடக்கே எங்கிருந்தோ வந்து, தெருக் கடைசியில் தகரக் கூரை அறையில் தங்கிக் கட்டட வேலைக்குப் போகிறவன். கையில் பால் பாக்கெட்டோடு நிற்கிறான். படம் எடுப்பது அவனுக்குத் தெரியாது. ‘இவனுங்க வந்த பிறகுதான் எல்லாம்’ என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. ‘நம்ம காலத்தில் வீட்டைப் பூட்டினதே இல்லை, திருட்டு என்றால் என்னவென்றே தெரியாது’ என்று இன்னொருவர் எழுதினார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. சிரிப்பு போய்விட்டது, வெட்கம் போகவில்லை. ஆகவே நாலு வரிக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைக் குரூப்பிலிருந்து தூக்கினாலும் வருத்தமில்லை.

திருட்டு இருந்தது. நாம் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த அந்த வருஷத்தில் நன்றாகவே இருந்தது. மழை பொய்த்துப்போன வருஷம் அது. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து சட்டி பானையோடு ஜனங்கள் கோவில்பட்டிக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மில்லிலும் தீப்பெட்டி ஆபீசிலும் ஏதாவது வேலை கிடைக்கும் என்கிற நம்பிக்கை. நம் தெருவில் எந்நேரமும் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும். மத்தியானமானால் பக்கத்துத் தெருவில் கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை அதன்மேல் வந்து ஏறும். இரண்டும் கலந்த அந்தக் காற்றை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை கமறுகிறது. பொற்காலம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். கவரிங் காலம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

முதலில் ஒரு கோழி போனது. அப்புறம் கிணற்றடியில் விட்டுவந்த பித்தளைச் செம்பு. சுவரில் சாத்தியிருந்த சைக்கிளிலிருந்து டைனமோ. கொடியில் காயப்போட்டிருந்த டெர்லின் சட்டை. இந்தச் சாமான்களை வரிசையாகச் சொன்னாலே இதை எடுக்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்று இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். டைனமோவையும் டெர்லின் சட்டையையும் எந்தப் பொம்பளை திருடுவாள்? ஆனால் யாரும் அந்த வழியில் யோசிக்கவில்லை. பெரியவர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். தெருவுக்குப் புதிதாக வந்தது யார் என்று பார்த்தார்கள்.

தெருக் கடைசியில், முன்பு மாட்டுக் கொட்டிலாக இருந்த ஒரு சாய்ப்பில் ஒரு அக்கா குடிவந்திருந்தார். புதூர்ப் பக்கத்துக் கிராமம். புருஷன் முறுக்கு வியாபாரத்துக்கு வடக்கே போய்விட்டார். அவரும் மகளும் மட்டும். தெருவே அவரைப் புதூர்க்காரி என்றது. பிள்ளைகள் நாங்கள் புதூர் அக்கா என்போம். தீப்பெட்டி ஏஜெண்டிடம் குச்சியும் சட்டமும் வாங்கி வந்து வீட்டிலேயே கட்டை அடுக்குவார். கட்டை அடுக்குவது நமக்குப் புதிதில்லை, பாதிப்பேர் செய்த வேலைதான். ஆனால் அவர் கை போகிற வேகம் தனி. சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகள் தாமாகவே ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வது மாதிரி இருக்கும். அவர் மகள் என் கூட்டாளி. மூக்கு ஒழுகிக்கொண்டே கெக்கெக்கே என்று சிரிப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு அந்தச் சாய்ப்பில்தான் கிடப்பேன்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேர். நியாயத்தைப் பட்டென்று கேட்டுவிடுவார். ஏஜெண்டு ஒரு நாள் அவர் அடுக்கிய கட்டையில் இரண்டைத் தேறாது என்று தள்ளிவிட்டபோது, “எதுல கொறைன்னு காட்டிட்டுத் தள்ளுங்க” என்று நடுத்தெருவில் நிறுத்தினார். பிழைக்க வந்தவள் இப்படிப் பேசலாமா என்பதுதான் அன்றைய பேச்சாக இருந்தது. ஏஜெண்டு செய்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை.

“புதூர்க்காரி வந்த பெறவுதான் இந்தச் சீரழிவு” என்று பெண்கள் குழாயடியில் சொல்ல ஆரம்பித்தார்கள். கோழி போனது அவர் வருவதற்கு முன்னால். அந்தக் கோழிக்காரியும் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. எங்களைப் படிக்கவைக்க டவுனுக்கு வந்து பருத்திப்பேட்டையில் தரகு பார்த்தார். தெருவில் அண்ணன் தம்பி சண்டையானாலும் சாக்கடைச் சண்டையானாலும், “அண்ணாச்சிட்ட கேளு” என்று எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

சித்தப்பாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அப்பாதான் தூக்கி வளர்த்தார். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு திரிவார். எங்களுக்கெல்லாம் உயிர். சைக்கிளில் வைத்துச் சுற்றிக் காட்டுவார், சேவும் கடலைமிட்டாயும் வாங்கித் தருவார். வேலையில்லாத மனுஷனுக்கு அது எப்படி முடிந்தது என்று தின்கிறபோது யார் யோசிக்கிறார்கள்?

இந்த நேரத்தில்தான் டீச்சர் வீட்டு டிரான்சிஸ்டர் போனது. மறந்திருக்க மாட்டீர்கள். நம் பள்ளிக்கூடத்து டீச்சர், அவர் தம்பி கப்பல் வேலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பழுப்புத் தோல் உறை, அதில் பொட்டுப் பொட்டாக ஓட்டை, தோளில் மாட்ட ஒரு வார். சாயங்காலம் அதை ஜன்னலில் வைத்துவிடுவார், தெருவே நின்று பாட்டுக் கேட்கும். அந்தத் தோல் உறையை முகர்ந்து பார்ப்பதற்காகவே நான் டீச்சருக்கு எடுபிடி வேலை செய்வேன்.

அத்தனை நாள் ஏமாற்றிய மழை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் டீச்சர் வீட்டார் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் டிரான்சிஸ்டரைக் காணோம். பின் சந்தில், ஜன்னலுக்கு நேர் கீழே, கரிசல் சகதியில் ஒற்றைத் தடம். வெறுங்கால், வலது கால். ஐந்து விரலும் குதிகாலும் அச்சு வார்த்த மாதிரி விழுந்திருந்தது. மற்ற தடமெல்லாம் சந்தின் கல் பாவிய தரையில் போய் மறைந்துவிட்டது.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் ஆடு களவு போனாலும் பருத்தி களவு போனாலும் இதுதான் வழக்கம். தடத்தைக் கலைக்காமல் கூடையைக் கவிழ்த்து மூடிவைப்பது, சந்தேகப்பட்டவர்களைக் கூப்பிட்டு அதில் காலை வைத்துப் பார்ப்பது. அப்பா ஒரு பனையோலைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் தம் கையாலேயே கவிழ்த்தார். “ஒருத்தரும் தொடாதீங்க. சாயந்திரம் எல்லாரும் வரட்டும், பாத்துருவோம்” என்றார்.

சாயங்காலம் கூட்டம் கூடியது. ஆனால் அப்பா பேச்சை மாற்றினார். “மில்லுக்குப் போனவுக பாதிப்பேரு இன்னும் வரல. ஒருத்தர வச்சிப் பாத்து ஒருத்தர வைக்காம விட்டா நாளைக்குப் பேச்சாயிரும். வார ஞாயித்துக்கிழம வச்சுக்கிடுவோம். இப்பவே சொல்லி வச்சிட்டா அன்னைக்கு எல்லாரும் இருப்பாவ” என்றார்.

“இன்னைக்கே இருக்கவுகளப் பாத்துருவோமே அண்ணாச்சி” என்று யாரோ கேட்டார்கள்.

“பெட்டி மூடித்தான இருக்கு. தடம் எங்க போயிரப் போவுது?” என்றார்.

எவ்வளவு நியாயமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டு கலைந்தோம்.

அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேட்டையிலிருந்து வருகிற அப்பா, சாப்பிட்டுவிட்டு நேரே பின் சந்துக்குப் போவார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். “ஏம்ப்பா தொறந்து வச்சிருக்கீக?” என்று கேட்டேன். “ஈரமா இருந்தா அழிஞ்சிரும்ட்டி. வெயில் பட்டாத்தான் தடம் கெட்டிப்படும்” என்றார். தெருவுக்காகக் காவல் இருக்கிற என் அப்பா என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். என் கூட்டாளியிடமும் சொன்னேன். “ஒங்கப்பா கண்டுபிடிச்சிருவாவளா?” என்று அவள் ஆசையாகக் கேட்டாள். அவளுக்கும் பாட்டு நின்றுபோன வருத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்து கொள்ளாத கூட்டம். அப்பா பெட்டியை எடுத்தார். தடம் கல்லாக இறுகியிருந்தது, சுற்றிலும் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. “மொதல்ல எங்க வீட்டு ஆம்பளதான்” என்று அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டார். “வாலே. கால வையி.” சித்தப்பா பெல்பாட்டத்தைச் சுருட்டிக்கொண்டு காலை வைத்தார். குதிகாலைப் பொருத்தினால் விரல்கள் தடத்துக்கு வெளியே நின்றன. “அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான், தன் வீட்டுலருந்து ஆரம்பிக்காரு பாரு” என்று கூட்டத்தில் ஒரே பாராட்டு.

அதற்கப்புறம் தெருவின் ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒருவர் காலும் அடங்கவில்லை. பிள்ளைகளின் கால் உள்ளே தொளதொளத்தது. அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “சரி, இது வெளியூர்க்காரன் வேல. விட்டுத்தள்ளுங்க” என்றார். அந்த இடத்திலேயே அது முடிந்திருக்க வேண்டும்.

“பொம்பளையளப் பாக்கலியே அண்ணாச்சி” என்றார் தீப்பெட்டி ஏஜெண்டு.

கூட்டம் திரும்பியது. தெருப் பெண்கள் யாரையும் பார்க்கவில்லை. சந்தின் கடைசியில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்ற புதூர் அக்காவைப் பார்த்தது. “நான் எதுக்கு வைக்கணும்? வைக்கதுன்னா எல்லாப் பொம்பளையளும் வைக்கட்டும்” என்றார் அவர். “மடியில கனமில்லன்னா வையேன்” என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அவர் மகளின் கையை விட்டுவிட்டு வந்து காலை வைத்தார்.

சரியாகப் பொருந்தியது.

அவர்தான் முதலில் பேசினார். அழவில்லை, கத்தவில்லை. குனிந்து தடத்தைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். “அண்ணாச்சி, இது ஈரத்துல விழுந்த தடம். ஒரு வாரமாக் காஞ்சி கெடக்கு. கரிசல் காயக் காயச் சுருங்கும்லா? விழும்போது இது ஆம்பளக் காலு. நீங்களும் சம்சாரிதான? ஒரு வார்த்த சொல்லுங்க.”

அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கரிசல்காட்டில் பிறந்தவர்கள். கோடையில் கால் போகிற அளவுக்கு நிலம் வெடிப்பதைப் பார்த்தவர்கள். மழைக்கு இறுகி நின்ற முளைக்குச்சி வெயிலில் ஆட்டம் காண்பதை, சுவர் விரிவதைப் பார்த்தவர்கள். கரிசல் சுருங்கும் என்பது தெரியாத ஆள் ஒருவர்கூட அந்தச் சந்தில் இல்லை. அத்தனை பேரும் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள்.

அப்பா தரையைப் பார்த்தார்.

“பாத்தீங்களா, சட்டம் பேசுதா” என்றார் ஏஜெண்டு. அவ்வளவுதான், கூட்டத்துக்கு வாய் வந்துவிட்டது. என்னென்ன சொன்னார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. டீச்சர் மட்டும், “போனது போகட்டும், எனக்கு ரேடியோவே வேண்டாம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். போலீசுக்குப் போகவேண்டும் என்று சிலர் சொன்னபோதுதான் அப்பா பேசினார். “போலீசு கீலீசு வேண்டாம். ஒத்தப் பொம்பள, புள்ளையோட இருக்கா. அவளாக் காலி பண்ணிட்டுப் போயிரட்டும்.” அதையும் பெரிய மனசு என்றார்கள். நானும் என் அப்பாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கூட்டாளி என்னையே பார்த்தாள். நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்றே ஏஜெண்டு அவர் வீட்டிலிருந்த கட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் அம்மாவும் மகளும் மூட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். யாரும் வழியனுப்பவில்லை. என் பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது, கொஞ்ச நாளில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு களவும் இல்லை. அதைத்தான் எல்லாரும் சாட்சியாகச் சொன்னார்கள். “அவ போனா, களவும் போச்சி, பாத்தியா?” அதே மாதத்தில் சித்தப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போனார். அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் நம் தெருப்பேரில் ஒரு வழக்கும் இல்லை என்று பின்னாளில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார். வழக்கு எப்படி இருக்கும்? நாம் யாரும் எழுதிக் கொடுக்கவே இல்லையே. ஒருத்தியைத் துரத்திவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று பேர் வைத்துக்கொண்டோம்.

இந்தக் கதையை யாராவது எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தோம். அவர் காலமாகி, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த நம் தெருக்காரர் ஒருவர் அவருடைய காவலைப் பற்றி உருகி உருகிப் பேசிவிட்டுப் போன அன்றைக்கு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“அது ஒங்க சித்தப்பா எடுத்தது.”

எனக்குப் புரியவில்லை. எது என்று கேட்டேன்.

“ரேடியோதான். களவு போன அந்த ஞாயித்துக்கிழம மத்தியானமே பருத்திச் சாக்கு எடுக்கப் போனேன். உள்ள இருந்துச்சி. ஒங்கப்பாட்ட காட்டுனேன். அவனப் போட்டு அடிச்சாவ. அழுதாவ. பெறவு அதக் கொண்டுபோய் எங்கயோ பாழுங்கெணத்துல போட்டுட்டு வந்தாவ.”

“டீச்சர்கிட்டக் குடுத்திருக்கலாம்லா?”

“எங்கருந்து வந்துச்சின்னு கேப்பாவளே. தூக்கி வளத்த பயலக் களவாணின்னு தெருவுல நிறுத்த அவியளுக்கு மனசு வரல.”

“அதுக்கு அந்த அக்காவ நிறுத்தலாமா?”

அம்மா அடுத்த பாத்திரத்தைக் கவிழ்த்தாள். “அவள நெனச்சிச் செய்யலட்டி. காஞ்சி சுருங்கிட்டா எந்த ஆம்பளைக்கும் பொருந்தாதுன்னுதான் காயவிட்டாவ. பொம்பளையளக் கேப்பாவன்னு அவியளுக்குத் தோணல” என்றாள். பிறகு, “என் காலும் அதுல அடங்கியிருக்கும். அன்னைக்குக் கூட்டத்துல நின்னுக்கிட்டு அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள்.

வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது காவலுக்காக இல்லை. நான் கொண்டுபோன மோரைக் குடித்துக்கொண்டே அவர் அந்தத் தடத்தைச் சுருங்கவிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் திரும்பிய அந்த நொடியிலாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த அக்கா அவரைச் சம்சாரி என்று கூப்பிட்டுக் கேட்டார். ஒரு வார்த்தைதான் கேட்டார்.

அம்மாவும் போய்விட்டாள், சித்தப்பாவும் பம்பாயிலேயே போய்விட்டார். இனி யாருக்காக மறைக்கவேண்டும் என்று எனக்கு எப்போதோ தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பெரியவர் பேர் பெரியவரோடு போகட்டும் என்று இருந்துவிட்டேன். பால் பாக்கெட்டோடு நின்ற அந்தப் பையனின் படம் வந்த பிறகுதான் இருப்புக் கொள்ளவில்லை. என் அப்பாவின் படத்தை வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். அந்தப் பையனின் படத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

போன வியாழக்கிழமை எட்டயபுரம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் புதூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஊர் தெரியும், வேறொன்றும் தெரியாது. வடக்கே முறுக்கு வியாபாரத்துக்குப் போனவர் வீடு என்று விசாரித்துக்கொண்டே போனேன். அப்படிப் போனவர்கள் ஏகப்பட்ட பேர் என்பதால் நாலு வீடு தப்பி ஐந்தாவது வீட்டில்தான் அக்கா கிடைத்தார். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உளுந்து நெற்றுகளைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார். முடி பஞ்சாகிவிட்டது, கை மட்டும் அதே வேகம்.

யார் மகள் என்று சொன்னேன். தடி நின்றது. “உக்காரு” என்றார். நான் உட்காராமல், வந்ததை அப்படியே கொட்டிவிட்டேன். சித்தப்பா, சாக்கு, பாழுங்கிணறு, வெயில், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அழுதேன். அவர் அழவில்லை.

“இத ஒங்கப்பாவும் வந்து சொன்னாவ” என்றார்.

எப்போது என்று கேட்டேன்.

“அதுக்கு மறுவருசம். இங்கனதான் நின்னாவ. கும்புடக்கூடச் செஞ்சாவ. நான் எடுக்கலங்கது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி, அத எங்கிட்ட வந்து என்னத்துக்குச் சொல்லுதீங்கன்னு கேட்டேன். வந்த வழியே திரும்பிப் போயிட்டாவ.” நெற்றுகளைக் கையால் கோதிவிட்டார். “என் வீட்டுக்காரரு வடக்க இருந்து நேரா ஒங்க தெருவுக்குத்தான் வந்தாரு, எங்களக் கூட்டிட்டுப் போக. ஒங்க தெருவுல அவருக்கு என்ன சொல்லி அனுப்புனாவளோ, சாகுற வரைக்கும் சண்டைன்னு வந்தா என்னய ‘ரேடியோக்காரி’ம்பாரு. எம் மவ காதுல விழ அந்தப் பேரச் சொல்லுவாரு. இப்பம் நீயும் எங்கிட்டயே வந்து சொல்லுத. அப்பனும் மவளும் எங்கிட்டயே வந்து சொன்னா எப்பிடி?”

தெருவில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“சொல்லு. சொல்லும்போது புதூர்க்காரின்னு சொல்லாத. அது நீங்க வச்சது. எனக்குன்னு பேரு இருக்கு.”

அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அவர் மகளோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், போவதற்கு முன்பே அவரைப் பற்றி இவ்வளவும் எழுதியும் வைத்திருந்தேன். பெயரை அவரிடமே கேட்டேன்.

அவர் பெயர் சண்முகத்தாய். நம் தெருவில் அவர் எதையும் எடுக்கவில்லை.